நாலா, எட்டா, பதினாறா

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் கதவுக் கீல் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். இப்போது அங்கே போனால் புகைபோக்கிகளை எண்ணி முடியாது. அப்போது ரயில் பாதையை ஒட்டி முள்வேலி போட்ட சில மனைகளும், அவற்றில் ஒன்றிரண்டு தகரக் கொட்டகைகளும்தான் இருந்தன. மீதி எல்லாம் கருவேலமுள். காலையில் அத்திப்பட்டில் பாசஞ்சர் ஏறினால் வண்டி ஒவ்வொரு ஊரிலும் நின்று, சிக்னல் இல்லாத இடத்திலும் நின்று, ஒருவழியாக என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரே பெண் நான். எல்லாரும் என்னை ‘டைப்பிஸ்டம்மா’ என்று கூப்பிடுவார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

என் அக்காவின் கணவர், மாமா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஒரு ஜப்பான் கப்பல் மாலுமிக்கு எங்கள் வீட்டு ஆவக்காய் பிடித்துப்போய், இரண்டு ஜாடி ஆவக்காயும் மாமாவின் கைக்கடிகாரமும் வாங்கிக்கொண்டு அவன் ஒரு கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனான். பெட்டி மாதிரி இருக்கும். மேல்மூடியைத் திறந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்து பார்க்கவேண்டும். முன்னால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்சு. மேலே இருப்பது நாம் பார்ப்பதற்கு, கீழே இருப்பது படம் பிடிப்பதற்கு. உள்ளே தெரிகிற பிம்பத்தில் இடது வலதாகவும் வலது இடதாகவும் இருக்கும். மாமா அதில் பத்து நிமிஷம் பார்த்தார், தலை சுற்றி வாந்தி எடுத்தார். “நீயே வச்சுக்கோம்மா. வளையத்தை எல்லாம் திருப்பாத. நான் வச்சது வச்சபடி இருக்கட்டும்,” என்று என்னிடம் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு சின்னப் புத்தகமும் தந்தார். முழுக்க ஜப்பான் மொழி. எனக்குப் புரிந்தது அதிலிருந்த எண்கள் மட்டும்.

மாமா வைத்தபடியே வைத்துக்கொண்டு நான் அக்கா குழந்தையை எடுத்தேன். அருமையாக வந்தது. வாசலில் அம்மாவை எடுத்தேன். அதுவும் நன்றாக வந்தது. அந்தப் படங்களைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் மேனேஜரிடம் காட்டியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மேனேஜர் தடா பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மீசையை இரண்டு பக்கமும் முறுக்கி விட்டிருப்பார், அதற்காகவே மேஜை டிராயரில் ஒரு சின்ன டப்பாவில் மெழுகு வைத்திருந்தார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு, தொழிலாளர்கள் எல்லாரும் சேர்ந்து நிற்கிற குரூப் போட்டோ ஒன்று சென்னையில் இருக்கிற முதலாளிக்கு அனுப்பவேண்டும் என்று அவருக்கு உத்தரவு வந்திருந்தது. பொன்னேரி ஸ்டுடியோக்காரருக்கோ மஞ்சள் காமாலை.

“ஏம்மா, குழந்தைய எடுத்திருக்கியே. நாப்பது பேரை எடுக்க மாட்டியா?” என்றார்.

எனக்கும் அதில் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தோன்றவில்லை.

மர கிரேட்டுகளை அடுக்கி மூன்று வரிசையாக ஆட்களை நிறுத்தினோம். நடுவில் மேனேஜருக்கு நாற்காலி. அவர் வந்து உட்கார்ந்தார். பின்னால் நிற்கிறவன் மூச்சு கழுத்தில் படுகிறது என்று நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு, பிரஸ் மெஷின்காரர்கள் கையில் எண்ணெய், தோளில் பட்டுவிடும் என்று இன்னும் கொஞ்சம். பிறகு வெளிச்சம் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம். கடைசியில் அவர் தனியாக எங்கோ உட்கார்ந்திருக்க, அவருக்குப் பின்னால் வெகு தூரத்தில் தொழிலாளர்கள் நின்றார்கள். அவர் பக்கத்தில் கேட் வாட்ச்மேன் மட்டும் தடியோடு நின்றார். மேனேஜர்தானே முக்கியம் என்று நான் பக்கத்துக் குமிழைத் திருகி அவர் மீசைக்கு ஃபோகஸ் வைத்தேன். மாமா சொன்ன வளையத்தைத் தொடவில்லை. சூடம் ஏற்றினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், நான் அழுத்தினேன்.

பத்து நாள் கழித்துப் படம் வந்தது. மேனேஜரின் மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. நாற்காலிப் பின்னலை எண்ணலாம். வாட்ச்மேனின் தடியில் இருந்த கணுக்கள் தெரிந்தன. அவர்களுக்குப் பின்னால் ஒரு மூட்டம், மூட்டத்துக்குள் நாற்பது மொந்தை. எது தலை, எது பூசணிக்காய் என்று சொல்ல முடியவில்லை.

மேனேஜருக்குப் படம் மிகவும் பிடித்துவிட்டது. பெரிதாகப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார்.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் போர்டின் முன்னால் கூட்டம். ஒவ்வொருவரும் தன்னைத் தேடினார். கிடைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு பேச்சு பரவிவிட்டது: மங்கலாக இருப்பவர்களை எல்லாம் வேலையை விட்டு எடுக்கப் போகிறார்கள். முதலாளிக்குப் படம் போகிறது, அதில் தெளிவாக இருப்பவன் பெயருக்கு நேரே டிக், மங்கலானவன் வெளியே. இதற்கு ஆதாரம் வாட்ச்மேன். அவர் மட்டும் ஏன் தெளிவு? மறுநாளிலிருந்து வாட்ச்மேனோடு யாரும் பேசவில்லை. பாவம், அவர் டீக்கடையில் தனியாக உட்கார்ந்து தன் தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கத் தலைவர் பிரஸ் மெஷின் ஆள். தொழிற்சாலை நிற்கிற அதே நிலத்தில் அவருடைய அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். நிதானமான மனிதர், கோபம் வந்தால் குரல் இறங்கும். அவர் நாலைந்து பேரோடு என் மேஜைக்கு வந்தார்.

“டைப்பிஸ்டம்மா, ஒன்னே ஒன்னு கேக்கறேன். உண்மைய சொல்லு. எங்கள மங்கலா எடுக்கச் சொல்லி மேனேஜர் சொன்னாரா?”

“ஐயோ இல்லண்ணே. தானா அப்படி விழுந்துடுச்சு.”

“தானா எப்படி வுழும்? அவரு மீச மட்டும் தானா தெளிவா கீதே.”

“எனக்கும் தெரியலண்ணே.”

“பாத்துக்குங்கப்பா,” என்று அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “தெரியலன்னுது. சொல்லக் கூடாதுன்னு சொல்லி வச்சிக்கீறாங்க.”

மேனேஜரிடம் போனார்கள். அவர் படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, “எல்லாரும் நல்லாத்தானே கீறீங்க,” என்றார். அதில்தான் எல்லாம் கெட்டுப்போனது. அடுத்த நாள் பிரஸ் செக்ஷன் மெதுவாக ஓடியது. அதற்கடுத்த நாள் இன்னும் மெதுவாக. கீல்கள் ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து வெளியே வந்தன. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா, பெரிய பேஜாரு பண்ணிட்டியே. எல்லாரும் தெளிவா வர்றாப்ல ஒன்னு எடுத்துக் குடுத்துடு, முடிஞ்சுபோச்சு,” என்றார்.

எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது என்பதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, மாமா தொடக்கூடாது என்ற வளையத்தைத் தொட்டேன். மூன்றரை, நாலு, ஐந்து புள்ளி ஆறு, எட்டு, பதினொன்று, பதினாறு, இருபத்திரண்டு என்று எண்கள். ரோல் போடாத கேமராவின் பின்பக்கத்தைத் திறந்து, ஷட்டரையும் திறந்தபடி பிடித்துக்கொண்டு, கீழ் லென்சு வழியாக வாசல் வெளிச்சத்தைப் பார்த்தபடி திருப்பினேன். மூன்றரையில் துளை அகலமாக இருந்தது. எண் ஏற ஏறத் துளை சுருங்கி, இருபத்திரண்டில் மிளகு அளவுக்கு வந்துவிட்டது. எண் பெரிதானால் துளை சின்னது. இது தலைகீழாக இருக்கிறதே என்று ஜப்பான் புத்தகத்தை எடுத்தேன். அதில் ஒரே வேலிக்கம்பங்களை மூன்று முறை எடுத்த படம் இருந்தது. ஒன்றின் கீழே நாலு, ஒன்றில் எட்டு, ஒன்றில் பதினாறு. நாலில் ஒரே ஒரு கம்பம் தெளிவு. பதினாறில் அத்தனை கம்பமும் தெளிவு. விஷயம் இதுதான் போலிருக்கிறது என்று தோன்றியது. மேல் லென்சில் குனிந்து பார்த்தேன். எந்த எண்ணில் வைத்தாலும் அங்கே ஒரே மாதிரிதான் தெரிந்தது. துளை கீழ் லென்சில் மட்டும்தான் இருக்கிறது. ஆகப் படம் எடுத்துக் கழுவிப் பார்த்தால்தான் உண்டு.

எங்கள் தெருவில் வேலிக்கம்பம் ஒன்றும் வரிசையாக இல்லை. ஆனால் குடம் இருந்தது. வீட்டிலிருந்த பித்தளைக் குடம், எவர்சில்வர் குடம், மண்குடம் எல்லாவற்றையும் கொண்டுவந்து, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி விட்டுத் தெருவில் நேர்வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் சாக்பீசால் எண் எழுதினேன். வெளிச்சம் மேகம் விலகி வரட்டும் என்று காத்திருந்தேன்.

அத்திப்பட்டில் தண்ணீர் உப்பு. எப்போதாவது லாரி வந்தால்தான் குடிதண்ணீர். எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் இரண்டு குடம் கொண்டுவந்து என் வரிசையின் பின்னால் வைத்தாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு. அதைப் பார்த்து மூலை வீடு.

“தண்ணி எப்ப வரும்மா?” என்றாள் ஒருத்தி என்னிடம்.

“தண்ணி வரலக்கா. போட்டோ எடுக்கறேன்.”

“போட்டோ எடுத்துத்தான் தருவாங்களாமா இப்ப,” என்று அவள் அடுத்தவளிடம் சொன்னாள். “சீக்கிரம் எடுத்தாந்து வை. படத்துல வுழாத கொடத்துக்குத் தண்ணி கெடையாதாம்.”

கொஞ்ச நேரத்தில் வரிசை தெருமுனை தாண்டி ரயில்வே கேட் வரைக்கும் போய்விட்டது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, ஜப்பான் புத்தகத்தில்கூட இவ்வளவு கம்பம் கிடையாது. என் அம்மா வாசலில் நின்று, “இதெல்லாம் நீ சொன்னியா?” என்று கேட்டாள். நான் மூன்றாவது குடத்துக்கு ஃபோகஸ் வைத்து, நாலில் ஒன்று, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று ரோல் முடிகிறவரைக்கும் எடுத்தேன். துளை சுருங்கினால் வெளிச்சம் குறைகிறதே, அதற்கு ஈடாக ஷட்டர் வேகத்துக்கான இன்னொரு வளையத்தையும் ஒவ்வொரு படிக்கும் மெதுவாக்கவேண்டும் என்பதைப் புத்தகத்தின் எண்களைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் கேமராவை மூடும்போது ஒரு தண்ணீர் லாரி எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. எங்கோ ஒரு கட்டட வேலைக்குப் போகிற லாரி, வழி கேட்கத் திரும்பியிருக்கிறது. பெண்கள் டிரைவரைப் பேசவே விடவில்லை. கடைசிக் குடம் நிரம்பியபோது லாரி காலி. அதிலிருந்து எங்கள் தெருவில், நான் கேமராவோடு வெளியே வந்தால் பின்னாலேயே குடங்களும் வெளியே வரும்.

பொன்னேரி ஸ்டுடியோக்காரருக்கு அதற்குள் கடையில் உட்கார்ந்து படம் கழுவுகிற அளவுக்கு உடம்பு தேறியிருந்தது. படங்களைக் கையில் கொடுத்துவிட்டு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். “இன்னாம்மா, பூரா ரோலும் கொடமா கீது. ஊட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?” என்றார்.

நாலில் எடுத்ததில் மூன்றாவது குடம் மட்டும் தெளிவு, சாக்பீஸ் எண்ணின் உதிரி தூள்கூடத் தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் கரைந்து கிடந்தன. எட்டில் இரண்டாவதிலிருந்து ஒரு நாலைந்து குடம் தெளிவு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. பதினாறில் முதல் குடத்திலிருந்து ரயில்வே கேட் வரைக்கும், கேட்டைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த கேட்மேன் வரைக்கும் தெளிவு. அந்தப் படத்தை நான் ரயிலில் போகும்போது எத்தனை முறை எடுத்துப் பார்த்தேனோ. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் தூரத்துப் போர்டு படிக்க வருகிறதே, அதே மாதிரிதான் இதுவும் என்று திடீரென்று விளங்கியது. பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்தவர், நான் அவரைப் பார்த்துக் கண்ணை இடுக்குகிறேன் என்று எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

இரண்டாவது குரூப் போட்டோவுக்கு நான் நம்பிக்கையோடு போனேன். பதினாறில் வைத்தேன். அன்றைக்கு மேகமூட்டம், அதனால் ஷட்டர் கொஞ்ச நேரம் திறந்திருக்கும், யாரும் அசையக் கூடாது என்று எல்லாரிடமும் சொன்னேன். கேமராவைக் கீல் பெட்டிகளின் மேல் வைத்தேன். கேமராவுக்குள் எல்லாம் இடவலம் மாறித் தெரிவதால், நான் வலதுபக்கம் நகரச் சொன்னவர்கள் படத்துக்கு வெளியே போனார்கள், திரும்பக் கூப்பிட்டால் மறுபக்கம் வெளியே போனார்கள். சங்கத் தலைவர் வந்து ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து நிறுத்தினார். மேனேஜர் இந்த முறை நாற்காலியை இழுக்கவில்லை. நாற்பது பேரும் மூச்சைப் பிடித்தார்கள். அழுத்தினேன்.

படத்தில் எல்லாரும் தெளிவு. கடைசி வரிசையில் ஒருவரின் பாக்கெட்டில் இருந்த பீடிக்கட்டின் நூல் வரைக்கும் தெரிந்தது. அவர்களுக்கும் பின்னால், வெகு தூரத்தில், கொட்டகையின் கடைசிச் சுவர், அதில் ‘பினிஷிங் செக்ஷன்’ என்ற போர்டு, போர்டுக்குக் கீழே நட்ட கம்பத்தில் கட்டியிருந்த இரண்டு எருமைகள், அவை தின்றுகொண்டிருந்த வைக்கோல், அந்த வைக்கோலைக் கொட்டியிருந்த, தொழிற்சாலை முத்திரை போட்ட சாக்குகள் எல்லாமும் தெளிவாக இருந்தன.

அந்த எருமைகள் மேனேஜருடையவை. எங்கள் எல்லாருக்கும் தெரியும். கேன்டீனில் மிச்சமாகும் கஞ்சியில் வளர்ந்தன. அவற்றின் பாலைத்தான் கேன்டீன் டீக்கு மேனேஜர் விற்றார். சென்னையில் இருக்கிற முதலாளிக்கு மட்டும்தான் தெரியாது.

மேனேஜர் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, “ஏம்மா, இதுங்களுக்கு ஏன் ஃபோகஸ் வச்ச?” என்றார்.

“வைக்கல சார். பதினாறுல எடுத்தா எல்லாமே தெளிவாயிடும்.”

“அப்ப முன்னாடி எடுத்தது?”

“மூன்றரை.”

“அதுக்கே போயிடலாம். சுமாரா ஒரு நாலு வச்சிக்கோ.”

இதைச் சங்கத் தலைவர் கேள்விப்பட்டார். அன்றைக்குச் சாயங்காலமே மேனேஜர் அறையில் பேச்சுவார்த்தை. என்னையும் கூப்பிட்டார்கள், ஏனென்றால் எண்கள் எனக்குத்தான் தெரியும். பத்து நாள் முன்னால் அதே அறையில், அதே நாற்காலிகளில், போனஸ் பேசியிருந்தார்கள். இருவருக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை.

“பதினாறு ஒருவாட்டி குடுத்தாச்சு சார். குடுத்தத திரும்பப் புடுங்கறது நாயமில்ல,” என்றார் சங்கத் தலைவர்.

“நைனா, பதினாறு குடுத்தா கம்பெனி தாங்காது. நாலு தரேன்.”

“நாலா? கடைசி வரிசைக்கு இன்னா கெடைக்கும் நாலுல? ஊட்ல புள்ளைங்க ‘எங்கப்பா எங்க’ன்னு கேக்குது சார்.”

“சரி, அஞ்சரை.”

“அஞ்சரைன்னு ஒண்ணு இல்ல சார்,” என்றேன் நான். “அஞ்சு புள்ளி ஆறு.”

“பாத்தியா, அந்தம்மாவே ஏத்திக் குடுக்குது,” என்றார் மேனேஜர்.

இது இப்படியே ஓடியது. நான் என் குடங்களின் படங்களை மேஜையில் பரப்பினேன். எட்டில் எடுத்ததைக் காட்டி, நடுவே ஒரு அளவு இடம் வரைக்கும் தெளிவாக இருக்கும், அதைத் தாண்டியது மங்கும் என்று சொன்னேன். மூன்று வரிசையையும் அந்த இடத்துக்குள் நிறுத்தலாம். எருமைகள் வெளியே போய்விடும்.

சங்கத் தலைவர் குடங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். “இதுல நாங்க எந்தக் கொடம்?”

“ரெண்டுலேருந்து அஞ்சு வரைக்கும் அண்ணே.”

“எருமை?”

“அதோ, கேட்டுகிட்ட.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “எட்டுன்றது பாதி ஆச்சே. எங்க ஆளுங்களுக்கு நான் இன்னான்னு சொல்றது? பதினாறு வாங்கினு வரேன்னு சொல்லிட்டு வந்தேன்.”

“நாலுக்கு ரெண்டு பங்கு வாங்கிட்டேன்னு சொல்லு நைனா,” என்றார் மேனேஜர். சங்கத் தலைவருக்கு அது சரியாகப் பட்டது. எட்டுக்குக் கை குலுக்கினார்கள். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டதாக ஒரு தாளில் டைப் அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். அடித்த பிறகு சங்கத் தலைவர் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார்: தெளிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தரையில் கோடு போட்டுக் காட்டவேண்டும்.

கேமராவின் பக்கத்துக் குமிழில் ஒவ்வொரு எண்ணுக்கும் எவ்வளவு தூரம் தெளிவு என்று குறித்திருப்பதை நான் அதற்குள் கண்டுபிடித்திருந்தேன். அதைப் பார்த்து முன்னால் ஒரு சுண்ணாம்புக் கோடு, பின்னால் ஒரு கோடு போட்டேன். உண்மையில் அப்படி ஒரு கோட்டில் தெளிவு பட்டென்று நின்றுவிடுவதில்லை, மெல்ல மெல்லத்தான் குறையும் என்று சொல்லிப் பார்த்தேன். அதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கோட்டுக்குள் இடம் தாராளமாக இருந்தது. ஆனால் பின்கோட்டைத் தொட்டுக்கொண்டு யாரும் நிற்கத் தயாராக இல்லை. குதிகால் கோட்டில் பட்டவன் தன் குதிகால் மட்டும் மங்கலாகிவிடும் என்று இடித்துக்கொண்டு முன்னால் வந்தான். வாட்ச்மேனைத் தாங்களாகவே இழுத்து நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். கோட்டுக்குள் வந்த பிறகு அவர் அவர்கள் ஆள்.

மேனேஜர் எழுந்துபோய் எருமைகள் கோட்டுக்கு வெளியே இருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் தீனி வருகிறது என்று நினைத்து ஒரு எருமை கம்பத்தோடு இழுத்துக்கொண்டு எங்கள் பக்கம் நடக்க ஆரம்பித்தது. “எம்மா, எடு, எடு, கோட்டுக்கு வந்துடப் போவுது,” என்று அவர் உதடு அசையாமல் சொன்னார். எட்டில் வைத்து எடுத்தேன்.

நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று இப்போதும் சொல்வேன். மூன்று வரிசையும் கல்லில் செதுக்கினாற்போல் நின்றன. பின்னால் கொட்டகை மென்மையாகக் கரைந்து, அதன் முன்னால் கறுப்பாக, பெரிதாக, என்னவென்று சொல்ல முடியாத இரண்டு உருவங்கள். மேனேஜர் அதைச் சட்டம் போட்டு முதலாளிக்கு அனுப்பினார்.

அடுத்த வாரம் முதலாளியிடமிருந்து டிரங்க் கால். இணைப்புக் கொடுத்தது நான்தான். முதலாளியின் குரல் ரிசீவரை விட்டு வெளியே வந்து அறை முழுக்கக் கேட்கும்.

“படம் பார்த்தேன்யா. ரொம்ப நல்லா இருக்கு. அது என்ன, பின்னாடி ரெண்டு மெஷின்? கறுப்பா, பெருசா?”

மேனேஜர் மீசை நுனியை முறுக்கினார். “ஆமாம் சார்,” என்றார்.

“நான் வாங்கித் தரலையே.”

“இல்ல சார். இங்கயே மிச்சம் புடிச்சு...”

“மிச்சம் பிடிச்சு மெஷின் வாங்கினியா? பலே. வியாழக்கிழமை வரேன், ஓட்டிக் காட்டு.”

மேனேஜர் ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “பதினாறுலயே வுட்டிருக்கலாம்,” என்றார்.

வியாழக்கிழமை விடிந்ததும் எருமைகளை ஏரிக்கு ஓட்டிவிட்டார்கள். சங்கத் தலைவரே முன்னின்று ஓட்டினார். கேன்டீன் டீ இனிமேல் கெட்டியாக இருக்கும் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். வைக்கோலைக் கூட்டித் தள்ளினோம். முதலாளி காலையில் வருவதாகச் சொன்னவர், லெவல் கிராசிங்கில் கூட்ஸ் வண்டி நின்றுபோனதால் மத்தியானம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். மெல்லிய உடம்பு, தடித்த கண்ணாடி, வெள்ளை வேட்டி. கையில் நான் எடுத்த படம்.

நேராகப் பினிஷிங் செக்ஷன் போர்டின் அடியில் போய் நின்றார். “எங்கேய்யா மெஷின்?”

“சர்வீசுக்குப் போயிருக்கு சார்.”

“ரெண்டுமா?”

“ஒண்ணா வாங்கினது சார். ஒண்ணாத்தான் ரிப்பேராவுது.”

முதலாளி இதை ஏற்றுக்கொண்டு தலையாட்டினார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் போலிருந்தது. அப்போது கறவை நேரம் ஆகிவிட்டது. கேட்டில் வாட்ச்மேன் விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பது தெரிந்தது. முதலாளியின் காருக்குச் சல்யூட் அடித்துப் பழகிய கை, உள்ளே எது வந்தாலும் அன்றைக்குத் தானாக உயர்ந்திருக்கிறது. அவருடைய சல்யூட்டைத் தாண்டி, ஏரிச் சேறு சொட்டச் சொட்ட, இரண்டு எருமைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வந்தன. எங்கள் எல்லாரையும் சுற்றிக்கொண்டு போய்த் தங்கள் கம்பத்தின் பக்கத்தில் நின்று முதலாளியைப் பார்த்தன.

பிரஸ் மெஷின்கள் நின்றுவிட்டன. முதலாளி எருமைகளைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படத்தைப் பார்த்தார். மறுபடி எருமைகளைப் பார்த்தார்.

“இதுதானா?”

“ஆமாம் சார்,” என்றார் மேனேஜர்.

முதலாளி படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிறகு, “ஒரு நாளைக்கு எவ்வளவு அவுட்புட்?” என்று கேட்டார்.

மேனேஜர் லிட்டர் கணக்கைச் சொன்னார். சென்னையில் தன் வீட்டுக்கு வருகிற பால் பாலே இல்லை, வெள்ளைத் தண்ணீர் என்று முதலாளி சொன்னார். தன் மனைவி அதைப் பற்றி இரண்டு வருஷமாகப் பேசுகிறாள் என்றும் சொன்னார். எருமைகளின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். அதோடு விசாரணை முடிந்தது. மேனேஜரின் வேலை தப்பியது, யாருடைய வேலையும் போகவில்லை. ஆனால் சாயங்காலப் பால் முழுவதும் தினமும் முதலாளி வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. கேன்டீன் டீ கெட்டியாகவில்லை, கறுப்பாயிற்று. அதற்குச் சங்கத் தலைவர் தனியாக ஒரு போராட்டம் நடத்தி, மூன்றாவதாக ஓர் எருமையை வாங்க வைத்தார்.

அந்தப் படத்துக்குப் பிறகு தொழிலாளர்கள் எல்லாரும் தங்கள் வீட்டு விசேஷங்களுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எல்லாரும் கேட்டது பதினாறுதான். “நமக்குப் பதினாறே போடும்மா, கொறைக்காத,” என்பார்கள். மணமக்களுக்குப் பின்னால் காய்கிற பாவாடை, மிதந்து வரும் பக்கத்து வீட்டுப் புகை, எச்சில் இலைக்கு நிற்கிற நாய் எல்லாம் தெளிவாக விழுந்த படங்கள் கும்மிடிப்பூண்டிச் சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் தொங்குகின்றன. பின்னணியை மங்கவிட்டு எடுத்தால் முகம் எடுப்பாக இருக்கும் என்று எவ்வளவு சொன்னாலும் எடுபடவில்லை. சங்கத் தலைவரின் மகளுக்குக் காது குத்தியபோது மட்டும், கேட்காமலேயே நாலில் வைத்து ஒன்று எடுத்தேன். குழந்தையின் கண்ணில் நின்ற நீர் மட்டும் தெளிவாக விழுந்தது. அவர் வெகு நேரம் பார்த்தார். “நல்லாத்தான் கீது,” என்றார். “ஆனா எங்க ஆளுங்கிட்ட இத்த காட்டாத. நாலுக்கு ஒத்துக்கினேன்னு நெனச்சுப்பாங்க.”

பாலைக் கொண்டுபோகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதலாளிக்கு அத்திப்பட்டில் உப்பு மண்டி இருந்தது. அங்கிருந்து தினமும் ஒரு லாரி சென்னைக்குப் போகும். நான் தினமும் அத்திப்பட்டு போகிறவள். ஆகவே சாயங்காலம் ஐந்து மணிக்கு டைப்ரைட்டருக்கு உறை போட்டுவிட்டு, ஒரு பெரிய அலுமினியப் பால் கேனைத் தூக்கிக்கொண்டு பாசஞ்சர் ஏறுவேன். ஒரு நாள் கவரைப்பேட்டை தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். என் சீசன் டிக்கெட்டைப் பார்த்தார், கேனைப் பார்த்தார்.

“பால் வியாபாரமா?”

“இல்ல சார். டைப்பிஸ்ட்.”

“அப்ப இது?”

“இது கீல் கம்பெனியோட சரக்கு சார்.”

அவர் கேன் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். அபராதம் ஒன்றும் போடாமல் மூடியை மூடிவிட்டுப் போனார். மறுநாள் வந்தபோது கையில் ஒரு பித்தளை டம்ளர் வைத்திருந்தார்.